பழம் பாணும் பழமும்

முந்தை நாள் பாண் உலர்ந்துவிட்டால் பயனற்றதென்று கருதுவோர் பலர். ஆயின் அவ்வுலர்ச்சியையே நற்குணமாக்கிக்கொள்ளும் காலைச் சிற்றுண்டி ஒன்றுண்டு. அதுவே ஆங்கிலேயர் வழியாக இலங்கைக்கு வந்த பாண் புடிங். ஊவாத் தோட்டங்களின் துரைமார் பங்களாக்களில் சமையற்காரர் கைப்பட வெந்து, துரைமார் மேசைக்குச் சென்ற பண்டம் இது.

250 கிராம் பாணையோ பணிஸையோ துண்டாக்கி, வெண்ணெய் பூசிய தட்டில் வாழைப்பழமும் பேரிக்காயும் இடையிட்டுப் பரப்புக. அன்னாசியாயின் வேகவைத்தே சேர்த்தல் வேண்டும். பச்சை அன்னாசி முட்டையின் புரதத்தைச் சிதைக்கும். மூன்று முட்டை, அரை லீற்றர் பால், 100 கிராம் சீனி, சிறிது கறுவாத்தூள் ஆகியவற்றைக் கலந்து ஊற்றி, அரைமணி நேரம் ஊறவிடுக. உலர்ந்த பாண் பாலை உறிஞ்சியும் உருக்குலையாது. புதுப் பாணோ குழைந்துவிடும்.

பாலிற் கலந்த முட்டை ஏறத்தாழ 80 பாகையில் இறுகும். வெப்பம் மிகின் சுருங்கி நீர் கசியும். ஆதலின் தட்டைக் கொதிநீரில் இருத்தி வேகவைப்பர். கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளையில் நீர் 96 பாகையளவிலேயே கொதிப்பினும் அவ்வெப்பம் போதியதே.

பங்களாவிற் போறணை இருந்தது. லயத்து மக்களுக்கு விறகடுப்பும் கோதுமை ரொட்டியுமே வாய்த்தன. மாவு ஒன்றே, மேசைகள்தாம் வேறு. எனினும் அகன்ற சட்டியில் நீர்விட்டு, தட்டை உள்ளே இருத்தி மூடி, மேலும் கீழும் தணலிட்டால் இப்பண்டம் செவ்வனே வேகும். பக்குவம் அறிந்தார்க்குப் போறணையின்மை ஒரு குறையன்று.