சூரியன் போன பிறகு இருபது நிமிடம்

சென்னை ரிப்பன் மாளிகையைச் சாயங்காலத்தில் படமெடுக்க எந்த மாதம் தோது என்று கேட்டால், யோசிக்காமல் மார்கழி என்பேன். பனியோ கச்சேரி சீசனோ காரணமில்லை. சூரியன் மறையும் திசைதான் காரணம்.

சூரியன் மேற்கே மறைகிறது என்பது வருடத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும்தான் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற நாட்களில் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் தள்ளித்தான் மறையும். சென்னையில் ஜூன் கடைசி வாரத்தில் நேர்மேற்கிலிருந்து 24 டிகிரி வடக்கே. டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, பூந்தமல்லி நெடுஞ்சாலையை நோக்கித் தெற்குப் பார்த்து நிற்கிறது. ஜூன் மாதத்துச் சாயும் வெயில் அதன் முதுகில் விழும். முகப்பு நிழலில் கிடக்கும். மார்கழியிலோ வெயில் முகப்பைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகிறது. பட்டி பார்த்த சுவரில் பெயின்டர்கள் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து மேடுபள்ளம் தேடுவார்களே, அதே வித்தைதான். தூண்கள், வளைவுகள், சன்னல் விளிம்புகள் எல்லாம் நீளநீளமாக நிழல் போட, வெள்ளைச் சுவருக்குத் திடீரென்று ஆழம் வந்துவிடுகிறது.

நிறத்தின் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அடிவானத்துச் சூரியனின் ஒளி, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. நீல ஒளி சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறும் என்பதை இயற்பியலாளர் ராலே 1871இல் விளக்கினார். வழியிலேயே நீலம் சிதறிப்போக, மிச்சம் வந்து சேர்வது பொன்னிறம்.

கேமராவோடு வந்தவர்களில் பாதிப்பேர் இந்தப் பொன்வெயில் அடங்கியதும் பையை மூடிவிட்டு டீக்கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் படம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

சூரியன் மறையும் கணத்தில், மேகமில்லாத வானத்தின் கீழ் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 400 லக்ஸ். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போய்ச் சேரும்போது அது 3.4 லக்ஸ். நூறு மடங்குக்கும் மேலான சரிவு. சென்னையில் இது நடந்து முடிய, மாதத்தைப் பொறுத்து, 21 முதல் 23 நிமிடம் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரிதான் தள்ளியிருக்கிறோம் என்பதால் இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குகிறது. லண்டனில் அடிவானத்தை ஒட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்குவதால், மார்ச்சில் 33 நிமிடம் பிடிக்கும்; ஜூனில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். அங்கே எழுதிய போட்டோகிராபி புத்தகங்களை நம்பி நிதானமாக ட்ரைபாடை விரித்தால், நம் ஊரில் அதற்குள் இருட்டிவிடும்.

கணக்குப் போட்டால், சென்னையில் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. போட்டோக்காரர் பேச்சில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். ஆரம்பத்தில் இதைவிட மெதுவாக, போகப்போக வேகமாக. ஆனால் முகப்பில் எரியும் விளக்கு மங்குவதில்லை. வானம் இறங்கிக்கொண்டே வர, விளக்கு நின்ற இடத்திலேயே நிற்க, எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகின்றன. கண்ணுக்கு இந்தச் சமன் தேவையில்லை. அது வானத்தையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சென்சாருக்கு இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்க வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் விளக்கு எரிவதே படத்தில் தெரியாது. ஐந்து நிமிடம் பிந்தினால் வானம் கறுத்துவிடும், அல்லது விளக்கைச் சுற்றிய சுவர் வெளிறிப்போகும். தெளிந்த வானமாக இருந்தால், மறைந்த 12ஆவது நிமிடத்திலிருந்து 18ஆவது நிமிடம் வரை என்பது என் கணிப்பு. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, விளக்குக்கு நேர் மேலே உள்ள சுவரைப் பாருங்கள். பூச்சின் வரி தெரிந்தால் சரி. வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் நேரம் கடந்துவிட்டது.

அந்த நேரத்து வானத்தின் ஆழ்ந்த நீலம் பகல் நீலத்தின் மிச்சம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் எட்வர்ட் ஹல்பர்ட் 1953இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது உதைத்தது. வெறும் ராலே சிதறல் மட்டும் நடந்தால், சூரியன் மறைந்த பின் உச்சி வானம் மஞ்சளோடிப் போயிருக்க வேண்டும். நீலத்தில் பெரும்பங்கு ஓசோனின் வேலை என்று அவர் காட்டினார். ஓசோன் ஆரஞ்சையும் மஞ்சளையும் விழுங்குகிறது; அந்த உறிஞ்சலை 1880இலேயே ஷாப்புயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டிருந்தார். வானத்தில் உள்ள ஓசோன் முழுவதையும் தரையின் காற்றழுத்தத்துக்கு அமுக்கினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும். பகலில் அது கணக்கிலேயே வராது. அந்தியிலோ ஒளி அந்த அடுக்கைக் கிடைமட்டமாக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குத் துளைத்து வருகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று மட்டும் நாம் தெரிந்துவைத்திருக்கும் வாயு, சாயங்காலத்தில் நிறமும் அடித்துவிட்டுப் போகிறது.

மெரினாவில் நின்றால் சூரியன் முதுகுப்பக்கம் மறையும். எல்லோரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் நஷ்டமில்லை. தூசியில்லாத நாளில் கடலுக்கு மேல் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அதன் தலைமேல் இளஞ்சிவப்பு விளிம்பு. அந்தச் சாம்பல் நீலம் மேகமில்லை. பூமியின் நிழல் வளிமண்டலத்தில் விழுவதுதான். சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்களோ!

இந்த நேரத்துப் படங்களின் பழைய அழகுக்கு இன்னொரு கூட்டாளியும் இருந்தது: சோடியம் தெருவிளக்கு. அதன் மஞ்சள், 589 நானோமீட்டரைச் சுற்றிய அலைநீளங்களில்தான் அதிகம். அந்தியில் ஓசோன் வானத்திலிருந்து கழித்துவிடுவதும் ஏறக்குறைய அதே மஞ்சளைத்தான். வானம் இழந்த நிறம் எதுவோ அதையே தெரு பூசிக்கொண்டு நின்றது. இப்போது சென்னைத் தெருக்களில் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. வெளிச்சம் கூடியிருக்கிறது, அந்த முரண் குறைந்துவிட்டது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மிச்சமிருப்பதையும் சமன் செய்து கெடுக்கும் என்பதால், அதை அணைத்துவிட்டு 4000 கெல்வின் பக்கம் நிறுத்திவைப்பேன். வானம் நீலமாகவே நிற்கும். முகப்பில் மஞ்சள் பல்புகள் இருந்தால் அவையும் தம் நிறத்தோடு வரும்.