உங்களுக்குத் தெரியுமா? இராவணன் மாறிய கதை

அன்புவழிபுரத்தவர் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போனால் தவறாமல் எட்டிப் பார்ப்பது ‘இராவணன் வெட்டு’. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க முனைந்தவனின் வாள் பட்ட பிளவாம் அது. அதே இராவணன், தாய் இறந்த செய்தி கேட்டுக் கன்னியாவில் ஏழு இடங்களில் குத்தி வெந்நீர் வரவழைத்துக் கடன் தீர்த்தான் என்கிறது ஐதீகம். அங்கே ஏழு கிணறுகளும் இன்றும் இருக்கின்றன; ஈமக்கடன் செய்யவும் ஆட்கள் வருகிறார்கள்.

வான்மீகியின் உத்தர காண்டத்தில் அவன் முதலில் தசக்கிரீவன்தான். கயிலையைத் தூக்கப் போய், அதனடியில் கைகள் நசுங்கி அலறி, நெடுங்காலம் துதித்த பிறகே சிவன் அவனுக்கு இராவணன் என்று பெயரிடுகிறார். 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டை இந்தச் சம்பவத்துக்கே ஒதுக்கினார். அவருடைய கோணமலைப் பதிகத்திலும் அவன் இருக்கிறான், பெயர் சொல்லப்படாமலே!