டர்ட் பைக் ஸ்போக்: டைட்டாக இருந்தால் மட்டும் போதுமா?

ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி வண்டிகளை மண் பாதையில் இறக்குபவர்கள் செயின், பிரேக், டயர் எல்லாம் பார்ப்பார்கள். பலர் மறப்பது ஸ்போக்கை. சைக்கிள் கடை பாஷையில், போக்ஸ் கம்பி.

ஸ்போக் என்ன செய்கிறது?

ஒவ்வொரு கம்பியும் ரிம்மை ஹப்பை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுவிசை எல்லாக் கம்பியிலும் சீராக இருந்தால்தான் வீல் வட்டமாக நிற்கும். டர்ட் பைக் வீலில் பெரும்பாலும் 36 கம்பிகள். ஒன்று தளர்ந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகள் மீது விழும். அப்படியே ஓட்டினால் கம்பிகள் ஒவ்வொன்றாக உடையலாம்; வேகத்தில் பள்ளம் வந்தால் வீலே மடங்கலாம்.

அப்போ இறுக்கித் தள்ளிவிடலாமா?

கூடாது. அதிகம் இறுக்கினால் ரிம் கோணும், நிப்பிள் மரை போகும், ரிம்மில் விரிசல் விழும். கம்பி முனை உள்ளே நீண்டு ட்யூபையும் குத்தலாம்.

எப்படிச் செக் செய்வது?

வீல் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் ஓகே. ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் தளர்ந்திருக்கிறது.

எப்படி இறுக்குவது?

* ஸ்போக் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. அளவு மாடலுக்கு மாடல் மாறும்: சிலவற்றில் 2.5 நியூட்டன் மீட்டர், சிலவற்றில் 5 முதல் 6 வரை. மேனுவலைப் பாருங்கள்.
* வால்வு பக்கத்துக் கம்பியில் தொடங்குங்கள். இரண்டை விட்டு மூன்றாவது என்று போங்கள். 36 கம்பி வீலில் மூன்று சுற்றில் எல்லாம் முடியும். வரிசையாக இறுக்கினால் ரிம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.
* ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.
* ஹப் பக்கமிருந்து பார்த்தால், நிப்பிளை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். பலர் குழம்பும் இடம் இதுதான்.

எப்போது மெக்கானிக்?

வீலைச் சுற்றிவிட்டால் ரிம் ஆடுகிறதா? கம்பி உடைந்திருக்கிறதா? கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

புது வீலில் கம்பிகள் செட் ஆகும்போது சீக்கிரம் தளரும். அதனால் முதல் சில ரைடுகளுக்குப் பிறகு கட்டாயம் தட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்!