சிஸ்டர் ஆவதற்கு எத்தனை வருஷம்?

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871இல். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பள்ளி திறந்து அப்போது பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னையில் முதலில் நடந்தது ஆறு மாதப் பேறுகாலப் பயிற்சி. சேர்ந்தவர்கள் நான்கே பேர். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி ஆரம்பித்தபோதும் ஊரின் மனசு மாறியிருக்கவில்லை. முன்பின் தெரியாதவர் உடம்பைத் துடைக்கவும் பெட்பேன் எடுக்கவுமா பெண்ணைப் படிக்க வைப்பது என்று வீடுகள் தயங்கின.

பிறகு வந்தவை வேகமான மாற்றங்கள். 1926இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து, செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும் பதிவேடு ஏற்பட்டது. 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். இன்று நான்கு வருடப் பட்டம், எம்.எஸ்சி., பிஎச்.டி. எல்லாம் உண்டு; ஆண்களும் படிக்கிறார்கள்.

அன்று பாடம் நடந்த இடம் வார்டுதான். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுப்பதும், முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவதும் மாணவியின் வேலை. எட்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் குளுக்கோஸ் இறங்க வேண்டுமென்றால், மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணி, திருகி, மறுபடி எண்ண வேண்டும். தப்பினால் வார்டு சிஸ்டரிடம் திட்டு நிச்சயம். படிக்க வந்த பெண்களைச் சம்பளமில்லா ஆட்களாக மருத்துவமனை வேலை வாங்கியதும் உண்மை. ஆனால் கட்டில் கட்டிலாக நின்றதில் அவர்களுக்கு நோயாளியின் முகம் படிக்க வந்துவிட்டது.

இன்று சொட்டை எண்ண பம்ப் இருக்கிறது. நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் மானிட்டரில் ஓடுகின்றன. ஊசி போடவும் சிபிஆர் கொடுக்கவும் முதலில் பொம்மை உடம்பில் பழகிவிட்டுத்தான் மாணவர்கள் நோயாளியிடம் வருகிறார்கள். இது நோயாளிக்கு நல்லது, கற்பவருக்கும் கௌரவம்.

அப்படியானால் தேர்ச்சியும் சீக்கிரம் வந்துவிடுமா? அமெரிக்கச் செவிலியரான பட்ரீசியா பென்னர் 1984இல் எழுதிய நூலில் ஐந்து படிகளைச் சொன்னார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கைதேர்ந்தவர் நிலைமையை மொத்தமாகப் பார்க்கிறார். நடுவிலிருக்கும் மூன்றாம் படிக்கு வரவே ஒரே மாதிரியான நோயாளிகளிடம் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

டெங்கு வார்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குகிறது. “விட்டிருச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போலாமா?” என்கிறார் அம்மா. ரத்த அழுத்தம் 100/80. புதியவருக்கு மேல் எண் 100 என்பதே போதும்; குறித்துவிட்டு நகர்வார். பழைய சிஸ்டர் அங்கேயே நின்றுவிடுவார். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20தான். உள்ளங்கையைத் தொட்டால் சில்லென்றிருக்கிறது. காலையிலிருந்து சிறுநீர் போனதா என்று கேட்டுக்கொண்டே டாக்டருக்கு ஆள் அனுப்புவார். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து குழந்தை ஷாக்கில் போகிற நேரம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரம்தான் என்று பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதை அந்த நிமிடத்தில், அந்தக் குழந்தையிடம் கண்டுகொள்ள, அப்படிப் பல குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று இந்தப் பழக்கத்துக்கு நேரம் இருந்தது. பட்டமும் மரியாதையும் குறைவு. இன்று பட்டம் இருக்கிறது. ஒரே வார்டில் வேரூன்றும் காலம்தான் இல்லை. தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் பணிநிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. தனியார் மருத்துவமனையிலோ கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததும் வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ விசா வந்துவிடுகிறது. போகிறவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

நிரந்தர வேலையையும் நியாயமான சம்பளத்தையும் செவிலியருக்குத் தரும் சலுகை என்றே பேசிவருகிறோம். காய்ச்சல் விட்ட குழந்தையின் கையை யாராவது தொட்டுப் பார்க்க வேண்டுமானால், அது நோயாளிக்காகச் செய்யவேண்டிய செலவு.