மேஜர் ஜெனரல் நட்ராஜ்... மயிலாப்பூர் பள்ளியில் படித்த அணு விஞ்ஞானி!

1998 மே மாதம். ராஜஸ்தானின் பொக்ரான் பாலைவனத்தில் ராணுவ சீருடையோடு இருவர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்'. இன்னொருவர் 'மேஜர் ஜெனரல் நட்ராஜ்'. இருவருமே ராணுவத்தினர் அல்ல. முதலாமவர் அப்துல் கலாம் என்பது பலருக்கும் தெரியும். இரண்டாமவர் ராஜகோபால சிதம்பரம். சிதம்பரத்துக்கு நட்ராஜ் என்று ரகசியப் பெயர் சூட்டியவர் யாரோ, அவருக்குத் தில்லைக் கூத்தனை நிச்சயம் தெரிந்திருக்கும்!

1936-ல் சென்னையில் பிறந்தவர் சிதம்பரம். எட்டாம் வகுப்பு வரை மீரட். பிறகு, ஆழ்வார்பேட்டைக்குப் பக்கத்திலேயே, மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப் பள்ளி. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முடித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1962-ல் மும்பை ட்ராம்பே அணு ஆய்வு மையத்தில் வேலை. படிகங்களுக்குள் நியூட்ரான்களைச் செலுத்தி, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி.

1967-ல் அவரிடம் வேறொரு கேள்வி வந்தது. பயங்கரமான அழுத்தம் கொடுத்தால் புளூட்டோனியம் எவ்வளவு சுருங்கும்? அணுகுண்டு வடிவமைப்புக்கே இதுதான் அடிப்படை. விடை தெரிந்த நாடுகள் வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்க முடியாததை சிதம்பரம் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 1974-ல் முதல் சோதனைக்கான புளூட்டோனியத்தை மும்பையிலிருந்து பொக்ரானுக்குக் கொண்டுபோனபோது, உடன் பயணித்தவர்களில் அவரும் ஒருவர்.

1993-ல் அணுசக்தி ஆணையத் தலைவர். 1998 மே 11, 13 தேதிகளில் ஐந்து சோதனைகள். பாராட்டு ஒருபக்கம்... அதே ஆண்டு, படிகவியல் கூட்டத்துக்காக அமெரிக்கா செல்ல விண்ணப்பித்தவருக்கு விசா மறுக்கப்பட்டது!

கலாமுக்குப் பிறகு, 2001-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் நாற்காலி சிதம்பரத்துக்கு வந்தது. 2018 வரை அதில் இருந்தார். குண்டு கதையின் பரபரப்பில் இந்தக் காலத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் அதிவேக இணையத்தால் பிணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010-ல் ஒப்புதல் கிடைத்தது; அதன் பின்னணியில் இருந்தவர் அவர். 'ருடாக்' என்ற கிராமத் தொழில்நுட்பத் திட்டமும் அவர் யோசனைதான். கிராமத்து மக்களின் தேவையைத் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் அதற்குக் கருவி செய்து தர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கு ஒரு மையம் அமைந்தது.

அந்தப் பதவியில் இருந்தபோதுதான் பழைய கணக்கு மீண்டும் கிளறப்பட்டது. 1998 ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த அளவுக்கு வெடிக்கவில்லை என்று 2009-ல் கே.சந்தானம் பகிரங்கமாகச் சொன்னார். அவரும் அந்தச் சோதனைக் குழுவில் முக்கியமானவர் என்பதால் விஷயம் பெரிதானது. சந்தானம் சொன்னது சரியென்றால், 'இனி சோதனையே தேவையில்லை' என்ற இந்தியாவின் நிலைப்பாடே ஆட்டம் காணும். சிதம்பரம் அசையவில்லை. 45 கிலோடன் என்ற கணக்கு சரி என்றார். எல்லா விவரத்தையும் வெளியிடுங்கள் என்று கேட்டவர்களுக்கு, குண்டின் வடிவமைப்பு வெளியே தெரிந்துவிடும் என்பதே பதிலாக இருந்தது. 1967-ல் அவருக்கு மற்ற நாடுகள் சொல்ல மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

2025 ஜனவரி 4-ம் தேதி, 88 வயதில், மும்பையில் சிதம்பரம் காலமானார். அந்த முழு விவரங்கள் இன்னும் வெளிவரவில்லை.