தாம்பரம் சானடோரியம்: காற்றே மருந்தாக இருந்த இடம்

சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகும் நாம், தாம்பரத்துக்கு அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகையைப் பார்த்திருப்போம். அது காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அதைத் தொடங்கினார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நகர நெரிசலை விட்டு விலகிய திறந்தவெளி, நல்ல காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு, இவைதான் சிகிச்சை.

மருந்து வந்தபின் கேள்வி மாறியது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடு, சத்துக் குறைந்த உணவு. அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகமே சானடோரியங்களைக் கைவிட இந்த ஆய்வு பெரிய காரணம்.

ஆனாலும் இடத்தின் பங்கு போய்விடவில்லை. குணமாக்குவது மருந்து, கிருமி பரவ வசதி செய்து தருவது காற்றோட்டமில்லாத அறை. வேலைக்கு வந்த பிள்ளைகள் ஜன்னல் மூடிய ஒரே அறையில் பலராகத் தங்குவதை நாம் பார்க்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. 'வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது' என்று மறைக்கும் வீடுகளில்தான் மாத்திரை பாதியில் நிற்கிறது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதும். இடையில் விட்டால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறலாம். அதே கிருமி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம்.