நகராத புதுப்பிப்பு: பழைய கணினியின் நோயறிதல்

விண்டோஸ் 7 இயங்குதளம் 2009 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றன. ஆயினும் அவ்வியங்குதளம் கொண்ட கணினிகள் இன்னமும் சில மேசைகளில் உயிரோடு இருக்கின்றன. தமிழ் ஆசிரியர்களிடம் அவை தங்கிவிட்டதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஒருங்குறி பரவுமுன் திஸ்கி, டாம், டாப் முதலிய குறியீட்டு முறைகளிலும், மென்பொருள் உருவாக்குநர்கள் தத்தமக்கென வகுத்துக்கொண்ட எழுத்துருக்களிலும் நாம் தட்டச்சு செய்தோம். அக்காலத்து வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் நாடகப் படிகளும், உரிய எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில்தான் தமிழாகத் தெரியும். வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலே காணக் கிடைக்கும். ஆகவே, அப்பழைய கணினியைத் தூக்கி எறிவது எளிதன்று.

அத்தகைய கணினிக்கு வன்தட்டு மாற்றி, விண்டோஸ் 7 இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியதாகக் கொள்வோம். புதுப்பிப்புகளைத் தேடச் சொல்கிறோம். 'செக்கிங் ஃபார் அப்டேட்ஸ்' என்னும் வாசகம் தோன்றுகிறது. பச்சை நிறப் பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் கழிகிறது, இரவு கழிகிறது, மறுநாள் காலையிலும் அதே வாசகம் திரையில் நிற்கிறது. கணினி செத்துவிட்டது என்று கருதி மின்னிணைப்பைத் துண்டிப்பவர் பலர். உண்மையில் அது சாகவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சொல் விளக்கம். புதுப்பித்தலை 'இற்றைப்படுத்தல்' என்று எழுதுவாரும் உளர். அன்று என்பது அற்றை ஆவதுபோல இன்று என்பது இற்றை ஆகும். இன்றைய நிலைக்குக் கொணர்தல் என்பது பொருள். நல்ல ஆக்கந்தான். ஆனால் 'இற்றுப்போதல்' என்னும் வழக்கும் நம் மாணவர் காதில் ஒலிக்கிறது. நகராத புதுப்பிப்பைப் பற்றிப் பேசும்போது அந்த ஒலி ஒற்றுமை சற்றே பொருத்தமாகவும் அமைந்துவிடுகிறது! இக்கட்டுரையில் வகுப்பறைக்குப் பழகிய 'புதுப்பிப்பு' என்னும் சொல்லையே ஆள்கிறேன்.

புதுப்பித்தல் மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது. எவை தேவை எனத் தேடுதல், அவற்றைப் பதிவிறக்குதல், பின்னர் நிறுவுதல். நடுக்கட்டம் நின்றால் பெரும்பாலும் இணைய இணைப்பையோ வன்தட்டில் எஞ்சியுள்ள இடத்தையோ பார்த்தால் போதும். முதற்கட்டந்தான் நம்மை மயக்குவது.

அதன் காரணத்தை ஆசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். கல்வி அலுவலகம் ஒன்று ஐந்தாண்டுகளாகச் சுற்றறிக்கைகளை அனுப்பி வருகிறது எனக் கொள்க. பத்தாம் சுற்றறிக்கை, நான்காவதன் இரண்டாம் பத்தியை நீக்குகிறது. இருபத்தேழாவது, பத்தாவதை முற்றாக விலக்கித் தான் அவ்விடத்தில் அமர்கிறது. நாற்பதாவது அதனையும் விலக்குகிறது. இன்று பணியில் சேரும் ஆசிரியர், எது நடைமுறையில் உள்ளது என்று அறியச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டாக வேண்டும். விண்டோஸ் 7 இயங்குதளத்தின் நிலையும் இதுவே. 2011 பிப்ரவரியில் முதல் சேவைத் தொகுப்பு வெளிவந்தது. இரண்டாவது தொகுப்பு வரவே இல்லை. அதன்பின் வந்தவை பெரும்பாலும் தனித்தனிப் புதுப்பிப்புகள். 2016ஆம் ஆண்டளவில், புதிதாக நிறுவிய கணினி ஒன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்டவை தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் இக்கணினிக்குப் பொருந்துமா, அதனை வேறொன்று விலக்கியிருக்கிறதா, விலக்கியதைப் பிறிதொன்று விலக்கியிருக்கிறதா எனப் பழைய தேடுநிரல் கணக்கிட்டது. பட்டியல் நீளும்போது கணக்கு அதனினும் விரைவாகப் பெருகியது.

இது புதிய நோயன்று. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தையும் 2013ஆம் ஆண்டின் இறுதியில் இதே நோய் வாட்டியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மாதந்தோறும் வந்த தொகுப்புகளின் சங்கிலி அங்கே காரணமாயிற்று. பயனற்றுப்போன பழைய கண்ணிகளை மைக்ரோசாஃப்ட் 2014 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீக்கிய பின்னரே கணினிகள் மூச்சுவிட்டன.

ஆகவே, மருந்துக்கு முன் நோயறிதல் வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எல்லாப் பயனரின் பணிகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். 'எஸ்விசிஹோஸ்ட்' என்னும் பெயருடைய பணிகளுள் ஒன்று செயலியைத் தொடர்ந்து பற்றிக்கொண்டிருக்கும். இரண்டு கருக்கள் கொண்ட செயலியாயின் அது சரியாக 50 விழுக்காட்டில் நிற்கும். நான்கு கருக்களாயின் 25 விழுக்காட்டில் நிற்கும். ஒரு கரு முழுமையாக உழைக்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன என்பதே இதன் பொருள். அவ்வெண்ணைக் கண்டால், தேடல் நிற்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். நினைவகத்தையும் நோக்குக. அதே பணி ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் விழுங்கியிருந்தால், இரண்டு ஜிகாபைட் நினைவகமே உடைய கணினி வன்தட்டைத் துணைக்கு அழைக்கத் தொடங்கும்; பிறகு எல்லாமே ஆமை நடைதான். தேடல் 8007000ஈ என்னும் பிழையெண்ணோடு முடிந்தால் நினைவகம் போதவில்லை என்பது பொருள். மாறாக, செயலி ஓய்ந்திருக்க வாசகம் மட்டும் திரையில் நின்றால் நோய் வேறு. அப்போது விண்டோஸ் கோப்புறையில் உள்ள 'விண்டோஸ்அப்டேட்' என்னும் பதிவேட்டின் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். விண்டோஸ் 7இல் அஃது எவரும் திறந்து படிக்கத்தக்க சாதாரண உரைக்கோப்பு.

இந்நோய்க்குப் பலரும் பரிந்துரைக்கும் கைம்மருந்து ஒன்று உண்டு. புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவிட்டு, 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' என்னும் கோப்புறையின் பெயரை மாற்றிவிடுவது. பதிவிறக்கிய கோப்பு சிதைந்திருந்தால் இது பலன் தரும். நாம் பேசும் நோய்க்கோ இது தீங்கே செய்கிறது. அக்கோப்புறையில்தான் இதுவரை சேகரித்த பட்டியல் இருக்கிறது. அதனை இழந்த கணினி முதற் கண்ணியிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். பத்து மணி நேரம் பொறுத்திருந்தவர், பதினோராம் மணியில் இதைச் செய்து, அப்பத்து மணி நேரத்தையும் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்.

சரியான வழி, தேடுநிரலையே முதலில் மாற்றுவது. மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரலில் கேபி 3020369 என்னும் அடித்தளப் புதுப்பிப்பையும், 2016 ஜூலையில் கேபி 3172605 என்னும் தொகுப்பையும் வெளியிட்டது. இரண்டாவதில் திருத்திய தேடுநிரல் அடங்கியிருக்கிறது. அதனை நிறுவ முதலாவது முன்தேவை. இவற்றைப் புதுப்பிப்புத் தேடலின் வழியாகப் பெற முயல்வது, பூட்டிய அறைக்குள் கிடக்கும் சாவியைத் தேடுவது போன்றது. வேறொரு கணினியில், மைக்ரோசாஃப்டின் 'அப்டேட் கேட்டலாக்' தளத்திலிருந்து, 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துத் தனிக்கோப்புகளாக இறக்கிக் கொணர வேண்டும்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. அத்தனிக்கோப்பைச் சொடுக்கினால் அதுவும் 'தேடுகிறேன்' என்று சொல்லி அசையாது நிற்கக் காணலாம். தனிக்கோப்பும் அதே புதுப்பிப்புச் சேவையைத்தான் நாடுகிறது. அச்சேவையோ பழைய கணக்கில் மூழ்கியிருக்கிறது. எனவே, அமைப்புகளில் 'ஒருபோதும் தேடாதே' என்னும் தெரிவைக் குறித்து, கணினியை மறுதொடக்கம் செய்து, சேவை ஓய்வாக இருக்கும்போதே அவ்விரண்டையும் வரிசை மாறாமல் நிறுவ வேண்டும். மீண்டும் ஒரு மறுதொடக்கம். அதன்பின் தேடல், நாட்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கிவிடும்.

2019க்குப் பிறகு மற்றொரு சுவர் எழுந்தது. புதுப்பிப்புகள் தாம் மெய்யானவை எனக் காட்ட மின்னொப்பம் தாங்கி வருகின்றன. எஸ்எச்ஏ-1 என்னும் பழைய முறை வலுவிழந்ததால் மைக்ரோசாஃப்ட் எஸ்எச்ஏ-2 முறைக்கு மாறியது. 2020 ஆகஸ்டில் பழைய முறையை நம்பியிருந்த சேவை வாயில்களையும் மூடியது. புதிய ஒப்பத்தைப் படிக்கத் தெரியாத கணினிக்கு அவ்வாயில்களில் இனி இடமில்லை. அதனைக் கற்பிப்பவை கேபி 4490628, கேபி 4474419 என்னும் இரண்டு. இவற்றையும் முன்போலவே தனிக்கோப்புகளாக, அவ்வரிசையிலேயே நிறுவ வேண்டும். கடிகாரத்தையும் மறவாதீர். பழைய கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு வட்ட மின்கலம் ஓய்ந்துவிட்டால், கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். நாள் தவறினால் சான்றிதழ்கள் யாவும் தவறாகத் தோன்றும். 80072எஃப்8எஃப் என்னும் பிழையெண் பெரும்பாலும் இதனையே சுட்டுகிறது. சில வெள்ளிகளில் முடியும் இந்நோய்க்காகக் கணினியையே புறக்கணித்தோர் உண்டு.

மூன்றாம் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறுவும்போது, 'கணினியை அணைக்காதீர்' என்று எழுதி விழுக்காடு ஓரிடத்தில் நின்றால், வன்தட்டு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பொறுத்திருப்பதே கடமை. பாதியில் மின்சாரத்தை நிறுத்துவது, கோப்புகளை மாற்றும் கையை வெட்டுவதாகும். விளக்கும் அசைவற்றுப் பல மணி நேரம் ஆனபின்னரே வேறு வழி தேட வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, புதுப்பிக்காமலே விட்டால் என்ன என்று மாணவர் கேட்பர், கேட்கத்தக்க வினாவே. 2017 மே 12ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதே ஆண்டு மார்ச்சு 14ஆம் நாளே வெளிவந்துவிட்டது. இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகளே. தேடல் நகராமல் கைவிடப்பட்ட கணினிக்கும், தேவையில்லை என்று விடப்பட்ட கணினிக்கும் அத்தீநிரல் வேறுபாடு பார்ப்பதில்லை.

எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவி முடித்தாலும், நம் கணினி 2020 ஜனவரியின் நிலைக்குத்தான் வந்து சேரும். அதன்பின் கண்டறியப்பட்ட ஓட்டைகள் திறந்தே கிடக்கும். விண்டோஸ் 10 இயங்குதளத்தின் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதனை வைத்திருப்போரும் இவ்வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஆகவே, புதுப்பித்த பழைய கணினியை இணையத்திலிருந்து பிரித்து, கோப்புகளைத் திறக்க மட்டுமே பயன்படுத்துவது நன்று. கோப்புகளைப் பென்டிரைவில் படியெடுக்கும் வேலையைப் புதுப்பிப்பைத் தொடங்குமுன்பே செய்துவிடுக. ஒருங்குறிக்கு மாற்றிய படியை மட்டுமன்றி, மாற்றாத மூலத்தையும், அதற்குரிய எழுத்துருக் கோப்பையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வைக்க வேண்டும். மாற்றும்போது ஓர் எழுத்து பிறழ்ந்திருந்தால், பின்னாளில் ஒப்பிட்டுத் திருத்த மூலம் ஒன்றே துணை.